உப்புக் கறை

திருப்பூரில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு வாழும் எவருக்கும் அந்தக் கறையை விவரிக்க வேண்டியதில்லை. குளியலறைச் சுவரின் டைல்ஸில், குழாயின் கழுத்தைச் சுற்றி, வாளி வைக்கும் இடத்தில் வட்டமாக, சுண்ணாம்பு தடவியதுபோல் அது படிகிறது. சோப்புக்குப் போவதில்லை. தேய்த்த அன்று மங்கலாகி, ஈரம் காய்ந்ததும் மறுபடி வெளுத்துத் தெரிகிறது. "உப்புத் தண்ணி" என்று சொல்லிவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கடந்துவிடுவார்கள். நாற்பத்து நான்கு வயதுவரை நானும் அப்படித்தான் கடந்தேன். அது எதனால் படிகிறது, எப்படிப் போகிறது, யார் போக்குகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தக் கட்டுரை தரை கழுவுவதைப் பற்றியது. இலக்கியம் பேசும் நண்பர்களிடையே இது என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆயினும் மூன்றாண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

எங்கள் வீடு ஒரே காலத்தில் கட்டப்பட்டதன்று. 1984இல் அப்பா முதலில் எழுப்பியவை இரண்டு அறைகள். அவற்றுக்குக் காவி போட்ட சிமெண்ட் தரை. பத்தாண்டுகள் கழித்து முன்புறம் ஒரு கூடம் சேர்ந்தது; அதற்கு மொசைக். சமையலறையில் மேடைக்கும் தரைக்கும் கடப்பைக் கல். 2012இல் நான் கடன் வாங்கி மாடி எழுப்பியபோது விட்ரிஃபைடு டைல்ஸும், குளியலறைச் சுவருக்கு வெள்ளை செராமிக் டைல்ஸும் பதித்தோம். விருந்தினர்களிடம் நான் மாடியைத்தான் காட்டுவேன். அம்மா காவித் தரை அறையைவிட்டு மேலே வர மறுத்துவிட்டார். "அங்க கால் பாவறதில்ல சாமி, வழுக்குது" என்பது அவர் சொன்ன காரணம்.

2022இல் மகளின் சீருக்கு உறவினர்கள் வரவிருந்தார்கள். முதல்நாள் மாடிக் குளியலறையைப் பார்த்த எனக்கு வெட்கமாயிருந்தது. கடைக்குப் போய் ஒரு புட்டி ஆசிட் வாங்கிவந்தேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் புட்டியைக் கொடுத்து, "நல்லா ஊத்தித் தேய்ச்சிடுங்க, அக்கா, ஒரு கறை இருக்கக் கூடாது" என்றேன். அவர் தாராபுரம் பக்கத்திலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். செக்கிங் மேசையில் நின்று நின்று முழங்கால் போனபிறகு வீட்டு வேலைக்கு வந்தார். முழங்கால் போனவரைத்தான் குந்தி உட்கார்ந்து தேய்க்கச் சொன்னோம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அவர் தம் வழக்கப்படி முதலிலேயே தரையெங்கும் பிளீச்சிங் பவுடர் தூவி நனைத்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன். அதன்மேல் நான் கொடுத்த ஆசிட் விழுந்தது. வாசனை வரக்கூடாதென்று கதவை வேறு சாத்தச் சொல்லியிருந்தேன்.

நான் கூடத்தில் தாம்பாளங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மாடிப்படியின் அடியில் வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று எழுந்தார். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர் அவ்வளவு விரைவாக எழுந்து நான் பார்த்ததில்லை. "பட்டறை வாசம் அடிக்குது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாண்டுகளாக ஏறாத மாடிப்படியில் முந்தானையை நனைத்து மூக்கில் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார். பின்னால் நான் ஓடினேன். கதவைத் தள்ளியபோது கண்ணும் தொண்டையும் எரிந்தன. அக்கா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். இருமலுக்கு நடுவே மூச்சு உள்ளே போகவில்லை. அம்மா அவரது கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துவந்தார். "கீழ உக்கார வெக்காத, நிக்க வெச்சுப் புடி, காத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பு" என்று எனக்கு ஏவினார். முகத்திலும் கண்ணிலும் தண்ணீரை வாரி அடித்தார். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பது ஆம்புலன்ஸ் வந்துபோன பிறகுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

அப்பா பிளீச்சிங் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் அதை அறிந்திருந்தேன் என்றுதான் எண்ணியிருந்தேன். கல்லூரி விண்ணப்பங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "பனியன் கம்பெனி" என்று எழுதிப் பழகியதால் அந்தப் பட்டறை என் நினைவிலிருந்து மெல்ல அகன்றுவிட்டது. பின்னலிலிருந்து வரும் துணி பழுப்பாகத்தான் இருக்கும். பருத்தியின் மெழுகும் இயற்கை நிறமும் அதில் இருக்கும். அதை வெளுக்கச் சிமெண்ட் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்த நீரில் ஊறவைத்து, அலசி, அதன்பின் மெலிந்த ஆசிட் நீரில் முக்கி, மறுபடி அலசி, சோப்பும் நீலமும் போட்டு வெளியில் உலர்த்துவார்கள். நடுவில் அலசுவது சரியாக இல்லையென்றால் ஆசிட் தொட்டியில் துணி விழுந்ததும் மஞ்சள் கலந்த பச்சைப் புகை எழும். அந்தத் தொட்டிகளில் வெறுங்காலோடு இறங்கி மிதித்தவர்களில் அப்பா ஒருவர். அவரது விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மார்கழியில் விடிய விடிய இருமுவார். அவர் கழற்றிப்போடும் சட்டையில் ஒரு வாசனை இருக்கும். அம்மா அதை முப்பது ஆண்டுகள் துவைத்தார். அன்று மாடிப்படியில் அவர் அடையாளம் கண்டது அந்தச் சட்டையைத்தான்.

பிறகு நான் படித்தேன். படிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. குளோரின் வாயுவை 1774இல் கார்ல் ஷீலே என்ற வேதியியலாளர் முதலில் பிரித்தெடுத்தார். அது நிறத்தை அழிக்கும் என்பதைக் கொண்டு 1785 வாக்கில் பிரான்சில் பெர்தொலே துணி வெளுக்கும் முறையை உருவாக்கினார். அதற்குமுன் ஐரோப்பாவில் லினன் துணியைப் புல்வெளியில் விரித்து, காரநீரிலும் புளித்த மோரிலும் மாற்றி மாற்றித் தோய்த்து, மாதக்கணக்கில் வெயிலில் கிடத்தி வெளுத்தார்கள். 1799இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்ல்ஸ் டென்னன்ட் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை பெற்றார். நாம் மழைக்காலத்தில் வாசலில் தூவும் பிளீச்சிங் பவுடர் அதுதான். சுண்ணாம்பில் கட்டிவைக்கப்பட்ட குளோரினை ஆசிட் அவிழ்த்துவிடுகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகே ஜெர்மானியப் படை உருளைகளைத் திறந்து எதிரியின் பதுங்கு குழிகளை நோக்கி விட்டதும் இதே வாயுவைத்தான். காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது குழிகளில் இறங்கி நின்றது. சாத்திய குளியலறையிலும் தரையோடுதான் நிற்கும். நின்றுகொண்டு ஏவுபவனைவிடக் குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கைத்தான் அது முதலில் அடையும். "கீழ உக்கார வெக்காத" என்று அம்மா சொன்னதன் பொருளைப் பள்ளிக்கூடமே போகாத ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டு, பின்னர் புத்தகத்தில் சரிபார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இந்த வாயுவை மூச்சில் இழுத்தவர்களுக்குச் சில மணிநேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால் இரவு முழுதும் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்றார்கள். பணியில் இருந்த மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்டார். "தெரியாமல் இரண்டையும் கலந்துவிட்டார்" என்று சொன்னேன். வாக்கியத்தில் எழுவாய் அக்காதான். ஆசிட் வாங்கியவன், ஊற்றச் சொன்னவன், கதவைச் சாத்தச் சொன்னவன் எல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. அக்கா முகக்கவசத்தை விலக்கிக்கொண்டு, "ஆமாங்க, நாந்தானுங்க தெரியாம பண்ணிப்போட்டேன்" என்றார். அவரது மகளிடமும் அதையே சொன்னார். மறுநாள் சீருக்கு வந்தவர்களிடம் என் மனைவியும் நானும் அதையே சொன்னோம். "இவங்களுக்கு எதுல எதக் கலக்கறதுன்னே தெரியறதில்ல" என்று ஓர் உறவினர் சொன்னபோது நான் தலையாட்டியதாக நினைவு. அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் அக்கா வரவில்லை. மருத்துவச் செலவையும் சம்பளத்தையும் கொடுத்தோம். கொடுத்ததில் எனக்கு ஓர் ஆறுதல்கூட ஏற்பட்டது. அந்த இரண்டு வாரமும் வீட்டை யார் கழுவுவது என்ற பேச்சு எழுந்தது. "நானே செய்கிறேன்" என்றேன். குற்ற உணர்வில் சொன்னதுதான். ஆனால் எப்படிச் செய்வது என்று தெரியாமல் அம்மாவிடம்தான் போய் நின்றேன்.

அவர் முதலில் காவித் தரையைக் காட்டினார். சிமெண்டோடு சிவப்புக் காவியை, அதாவது இரும்பு ஆக்சைடு தூளை, கலந்து இழைத்து, ஈரம் இறுகும் பதத்தில் கரணையால் மணிக்கணக்காகத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. மேலே பூச்சு எதுவும் கிடையாது. கொத்தனாரின் கை போன தடம்தான் அதன் பளபளப்பு. எனவே சுரண்டும் நாரும் காரமான சோப்பும் ஆகா. ஆசிட் பட்டால் சிமெண்ட் அரித்துப் பொரிந்துவிடும். பெருக்கி, வெறும் தண்ணீரில் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, காயவிட்டு, மாதம் ஒருமுறை துணியில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்து, வேறொரு துணியால் எண்ணெய் தங்காமல் துடைத்தெடுக்க வேண்டும். அம்மா அதற்கு அப்பாவின் பழைய பனியன்களைத்தான் பயன்படுத்தினார். "கழுவக் கழுவ இல்ல சாமி, நடக்க நடக்கத்தான் இது மினுங்கும்" என்றார்.

அதைக் கேட்டபோது, மாணவர்களோடு செட்டிநாட்டுக்குச் சுற்றுலா போயிருந்தபோது ஆத்தங்குடியில் ஒரு கைவினைஞர் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே கண்ணாடிப் பலகையின்மீது இரும்புச் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு இறங்குகிறது. அதுவும் நடை படப் படத்தான் மெருகேறும் என்றார் அவர். அம்மா ஆத்தங்குடியைப் பார்த்ததில்லை.

கூடத்து மொசைக்கில் இருப்பது சிமெண்டில் பதிந்த பளிங்குச் சில்லுகள். சாணைக்கல் பொருத்திய இயந்திரத்தை ஓட்டித் தேய்த்து அதற்கு மெருகேற்றியிருந்தார்கள். பளிங்கு, வேதியியல் கணக்கில், சுண்ணாம்புக் கல்லின் உறவினர்; கால்சியம் கார்பனேட். எனவே வினிகரும் எலுமிச்சையும்கூட அதன் மெருகைத் தின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் மிகக் கொஞ்சம் சோப்புத் திரவம் போதும். கடப்பையும் அப்படித்தான். கறுப்பாக, எதற்கும் அசையாததுபோல் கிடக்கும் அந்தக் கல் உண்மையில் சுண்ணாம்புக் கல்லே. எங்கள் சமையல் மேடையில் வெளிறிய வட்டங்கள் சில இருந்தன. நான் அவற்றைக் கறை என்றே எண்ணித் தேய்த்தேன். அவை போகவில்லை. எலுமிச்சம்பழ மூடியைக் கவிழ்த்து வைத்ததாலும், பித்தளைப் பாத்திரத்துக்குப் போட்ட புளி வழிந்ததாலும் கல்லே அரிக்கப்பட்ட தடங்கள் அவை. ஒட்டியிருப்பதைத் துடைக்கலாம், அரிக்கப்பட்டதைத் துடைக்க முடியாது, மறுபடி மெருகிடத்தான் வேண்டும்.

இங்கேதான் குளியலறைக் கறையும் எனக்குப் புரிந்தது. எங்கள் நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. நீர் ஆவியாகும்போது அவை கார்பனேட்டாகச் சுவரில் தங்கிவிடுகின்றன. அதாவது நாம் கறை என்பதும் கடப்பைக் கல் என்பதும் ஏறத்தாழ ஒரே பொருள்தான். ஆசிடுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. சுவர் டைல்ஸின் கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே நிரப்பிய சிமெண்ட் கரைந்துபோகும். அந்த இடுக்கு வழியே நீர் உள்ளே இறங்கி, டைல்ஸின் முதுகுப்புறத்திலிருந்து உப்பைச் சுமந்துகொண்டு மறுபடி வெளியே வரும். ஆசிட் ஊற்றிக் கழுவிய குளியலறை முன்னிலும் விரைவாக வெளுப்பதன் காரணம் இதுவே. குழாயின் குரோமியப் பூச்சும் கறுத்துப்போகும்.

நான் கண்ட வழி எளியது, புதியதும் அன்று. பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளை, ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வீதம் கரைத்து, பழந்துணியை அதில் நனைத்துச் சுவரில் ஒட்டவைத்துக் கால்மணி நேரம் விடவேண்டும். மெல்ல நுரைத்துக் கறை இளகும். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கையுறை வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் பிளீச்சிங் பவுடர் அந்த இடத்துக்கு வரவே கூடாது. பல ஆண்டுக் கறை ஒருநாளில் போகாது. எல்லாக் கறையும் கார்பனேட் அன்று. சல்பேட் உப்புகள் படிந்திருந்தால் இதற்கும் அசைவதில்லை, சுரண்டித்தான் எடுக்கவேண்டும். சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆசிட் எதற்கு? அதற்குச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரே சரியான மருந்து. சோடா உப்பையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் பொங்குகிறதே என்று பலர் மகிழ்கிறார்கள். ஒன்று மற்றொன்றை முறித்துவிடுவதால் எழும் நுரை அது. மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் உப்பு நீர்.

மாடியின் விட்ரிஃபைடு தரைதான் எளிதென்று நினைத்திருந்தேன். கடும் சூட்டில் சுட்டு, நீரை ஏறத்தாழ உறிஞ்சாதபடி இறுக்கிய டைல்ஸ் அது. அரை விழுக்காட்டுக்கு மேல் நீர் ஏறாது என்பது அதன் இலக்கணம். ஆனால் நான் துடைத்த மறுநாள் கால் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. சோப்பு மிகுந்துபோய் ஒரு படலமாகக் காய்ந்திருந்தது. அந்தப் படலத்தில்தான் தூசி ஒட்டுகிறது. ஒரு வாளியில் துடைக்கும் நீர், இன்னொன்றில் துணி அலசும் நீர் என்று இரண்டு வாளி வைத்துக்கொள்ள அம்மாதான் சொன்னார். "ஒரே தண்ணியில தொடச்சா அழுக்க எடத்த மாத்தி வெக்கறதுதான்" என்றார்.

அழுக்கை இடம் மாற்றி வைப்பது என்ற சொல் என்னை விடவில்லை. அதைத்தானே இந்த ஊர் செய்தது. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவையைக் கடந்து, திருப்பூரின் நடுவே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல், எங்கள் பனியன்களை வெளுத்த நீரையும் சாயமேற்றிய நீரையும் சுமந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. கீழே இருந்த உழவர்களின் கிணறுகள் உப்பாயின. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். பல ஆண்டு வழக்குக்குப் பின் 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாதபடி சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடுதான் பின்னர் அவை திறந்தன. இன்று வெளுப்பதற்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. தொட்டியில் இறங்கி மிதிப்பவர்களின் இடத்தில் இயந்திரங்கள். அப்பா 2006இல் இறந்துவிட்டதால் இவை எவற்றையும் பார்க்கவில்லை. என் குளியலறைச் சுவரில் காயும் உப்பில் எவ்வளவு இந்த மண்ணின் பாறை தந்தது, எவ்வளவு நாங்கள் ஊற்றியது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. அப்பா அலசிவிட்ட நீரும் அதில் ஒரு துளி இருக்கக்கூடும் என்று சில நாள்களில் தோன்றும்.

என் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடல்களுள் ஒன்று புறநானூற்றின் 311ஆம் பாட்டு, ஔவையார் பாடியது. களர் நிலத்தில் தோண்டிய கிணற்றில், ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தி நாள்தோறும் துவைத்த வெள்ளாடை அதில் வருகிறது. பாட்டின் தலைவன் அந்த ஆடையை உடுத்தும் வீரன். களர், கூவல், அறுவை என்ற சொற்களுக்குப் பொருள் சொல்லி, வீரனின் பெருமையை விளக்கி, தேர்வுக்கு வரக்கூடிய வினாவையும் சொல்லிவிட்டுப் பல ஆண்டுகளாக நான் அதைக் கடந்திருக்கிறேன். களர் என்பது உப்பு மண். உவர் நீரில், நாள்தோறும், கையால். அவளுக்குப் பாட்டில் பெயர் கிடையாது. தொழிலைக் கொண்டும் பிறப்பைக் கொண்டும் இட்ட ஒரு சொல்தான் உண்டு. 2023இல் அந்தப் பாடலை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவ கைக்கு என்ன ஆயிருக்கும், ஐயா?" அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார் என்பது பின்னர் தெரிந்தது. நான் விடை சொல்லவில்லை. அப்பாவின் விரல் நுனிகள் கண்முன் வந்தன. அவற்றோடு ஆஸ்பத்திரியில் நான் சொன்ன வாக்கியமும் வந்தது.

துப்புரவு என்ற சொல்லுக்குத் திருக்குறளில் இன்றைய பொருள் இல்லை. நுகரும் பொருள், உணவு முதலிய வாழ்க்கைத் தேவை என்பதே வள்ளுவர் கொள்ளும் பொருள். நுகர்வைச் சுட்டிய சொல் நாளடைவில் கூட்டிக் கழுவுவதைச் சுட்டுவதாகிவிட்டது. எப்படி மாறியது என்று ஆராய்வது ஒரு கட்டுரைக்குரிய பொருள்தான். ஆனால் நம் வீடுகளில் இரண்டு பொருளும் இன்னும் வழங்குகின்றன என்றே எனக்குப் படுகிறது. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு மற்றொன்று.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் பேசினேன். அவர் வாசலில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீங்க தப்பு எதுவும் பண்ணல, அக்கா. ஊத்தச் சொன்னதும் கதவச் சாத்தச் சொன்னதும் நான்தான். டாக்டர்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். எப்படிச் சொல்வது என்று பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவை எவையும் வாயில் வரவில்லை.

அவர் சிரித்தார். "அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க, சார். வேலை போயிருமேன்னுதான் நாஞ்சொன்னேனுங்க" என்றார். பிறகு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, "நீங்களும் தெரியாமத்தானுங்க சொன்னீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் புதிது. எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகள் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். ஆள் காலிசெய்யும்போதெல்லாம் அறையை ஆசிட் ஊற்றிக் கழுவித்தர வேண்டும் என்று உரிமையாளர் அக்காவிடம் சொல்லியிருந்தார். விபத்துக்குப் பிறகு அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போய்விட்டது. மாதம் இரண்டாயிரம் ரூபாய். ஓராண்டாக அதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. கழுவுகிற வேறொருவரை உரிமையாளர் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவு ஒரு தாளில் எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கூடாது. கழிப்பறை கழுவும் திரவம் கூடாது. வினிகர், எலுமிச்சை கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் கூடாது. கலந்துவிட்டால் கதவைத் திறந்துவிட்டு வெளியேறு, குனியாதே. அக்காவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால் அவருடைய மகள் அதைப் படித்துக் காட்டினாள். லைன் வீட்டில் இப்போது கழுவும் பெண்ணுக்கும் ஒரு படி வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கிப்போனார். முதுகலை முடித்து இத்தனை ஆண்டுகளில் நான் எழுதியவற்றுள் ஒருவர் கேட்டு வாங்கிப்போனது அந்த ஒரு பக்கம்தான்.

லைன் வீட்டு வருமானம் போனதை ஈடுசெய்ய அக்காவின் சம்பளத்தைக் கூட்டினோம். மாடிக் குளியலறையைக் கழுவுவது இப்போது என் வேலை. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை வழித்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஈரம் சுவரில் காயாவிட்டால் உப்புப் படிய வழியில்லை. எந்த ஆசிடைவிடவும் அதுவே மேல். மகள் பெரும்பாலும் மறந்துவிடுகிறாள். சனிக்கிழமைதோறும் நான் குந்தி உட்கார்ந்து தேய்க்கிறேன். அரைமணியில் எனக்கும் முழங்கால் வலிக்கிறது. ஞாயிறு காலையில் சுவர் பளிச்சென்று இருக்கும். புதன்கிழமைக்குள் குழாயின் கழுத்தில் மறுபடி மெல்லிய வெள்ளை வளையம் தெரியத் தொடங்கும்.

அம்மா இப்போதும் மாடிக்கு வருவதில்லை. கீழே காவித் தரையில், எண்ணெய்த் துணியை மடித்து வைத்துக்கொண்டு, எட்டுமட்டும் தேய்க்கிறார். எட்டாத மூலைகளுக்கு என்னைக் கூப்பிடுகிறார்.